கலாமுக்குக் கிடைக்காத அந்த சீட்: ஒரு பயிற்சி விமானம் ஒரு நாட்டைப் பற்றி என்ன சொல்லும்?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவரா நீங்கள்? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய இடம். அந்தக் குழுவில் இருந்த அப்துல் கலாமின் முதல் ஆசை ராக்கெட் அல்ல, போர் விமானி ஆவது. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் அவருக்கு 9-வது இடம். எடுத்ததோ 8 பேரை.

தேர்வான ஒருவர் அடுத்து போய் உட்காரும் இடம், பயிற்சி விமானத்தின் மாணவர் சீட். ரஃபேல், தேஜஸ் பற்றியெல்லாம் நிறைய பேசுகிறோம். இந்த சீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால், ஒரு நாடு அடுத்த பத்து வருடத்தில் என்ன செய்ய நினைக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பயிற்சி விமானம்தான். 1932-ல் பறந்த ஒரு ஜெர்மன் விமானத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். அதை உருவாக்கியவரின் பாதை நம்ம ஊர் வரைக்கும் வருகிறது.

'ஸ்டீக்லிட்ஸ்' என்றால் என்ன?

ஃபோக்க-வுல்ஃப் நிறுவனத்தின் எஃப்.டபிள்யூ 44 என்ற விமானத்தின் செல்லப்பெயர் இது. ஐரோப்பாவில் பாடித் திரியும் ஒரு சின்னப் பறவையின் பெயர். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட 'பைபிளேன்' வகை. முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள், இரண்டிலும் கட்டுப்பாட்டுக் கருவிகள். மாணவர் தடுமாறினால் ஆசிரியர் உடனே கையில் எடுத்துக்கொள்ளலாம். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதே யோசனைதான்.

- இறக்கையின் நீளம்: 9 மீட்டர்
- பரவலாகப் பயன்பட்ட என்ஜின்: சீமென்ஸ் எஸ்.எச் 14, ஏழு சிலிண்டர், சுமார் 150 குதிரைத்திறன்
- அதிகபட்ச வேகம்: மணிக்கு சுமார் 185 கி.மீ.

முதல் மாதிரி 1932-ல் பறந்தபோது அதன் நடத்தை திருப்தியாக இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார் குர்ட் டாங்க். பொறியாளர், விமானமும் ஓட்டுவார். அவர் தலைமையில் சோதித்து, மாற்றி, திரும்பச் சோதித்து உறுதியான, எளிதில் கட்டுப்படும் விமானமாக அது மாறியது. ஆர்டர்கள் குவிந்ததால் நிறுவனம் தனியாக இன்னொரு தொழிற்சாலையே திறக்க வேண்டியிருந்தது. ஸ்வீடன், ஆஸ்திரியா, பல்கேரியா, பிரேசில், அர்ஜென்டினா ஆகிய ஐந்து நாடுகள் உரிமம் வாங்கித் தாங்களே தயாரித்தன.

ஏன் இரண்டு அடுக்கு இறக்கை?

இரண்டு இறக்கைகளைக் கம்பிகளாலும் தாங்குதண்டுகளாலும் இணைத்துவிட்டால், எடை கூடாமலே அமைப்பு உறுதியாகிவிடும். இறக்கைப் பரப்பு அதிகம் என்பதால் மெதுவாகப் பறந்தாலும் விழாது. சின்ன மைதானத்திலும் இறங்கலாம். காற்றின் தடை அதிகம், வேகம் குறைவு. கற்றுக்கொள்கிறவருக்கு அது குறையே இல்லை. 1935-ல் டாடா நிறுவனம் திருவனந்தபுரத்துக்கு முதன்முதலாக ஓட்டி வந்த ஃபாக்ஸ் மாத் விமானமும் பைபிளேன்தான்.

இவ்வளவு சாதுவான விமானத்தில் என்ன சிக்கல்?

முதல் உலகப்போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றது. ஆனால், விளையாட்டுக்காகப் பறப்பதற்கும் பயணிகள் விமானம் ஓட்டப் பழகுவதற்கும் வழி இருந்தது. அந்தப் பெயரில் ராணுவ விமானிகளும் ரகசியமாகத் தயாரானார்கள். 1935-ல் ஹிட்லர் அரசு 'எங்களுக்கு விமானப்படை இருக்கிறது' என்று வெளிப்படையாக அறிவித்தது. நான்கே வருடத்தில் போர். ஸ்டீக்லிட்ஸ் அந்தப் படையின் பயிற்சிப் பள்ளிகளில் ஓடியது. டாங்கும் எஃப்.டபிள்யூ 190 போர் விமானத்தை வடிவமைத்திருந்தார்.

இதில் குரோம்பேட்டை எங்கே வருகிறது?

போருக்குப் பிறகு டாங்க் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகருக்குப் போனார். அவர் வடிவமைத்த ஸ்டீக்லிட்ஸ் ஏற்கெனவே அங்கே உரிமத்தில் தயாராகியிருந்தது. 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. மறு வருடம் டாங்க் இந்தியா வந்தார்.

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் படித்த கலாம், 'அக்னிச் சிறகுகள்' நூலில் அந்தத் துறையை நினைவுகூர்கிறார். துறைத் தலைவர் வால்டர் ரெபென்தின், ஜெர்மானியர். டாங்கின் பெயரும் அங்கே வருகிறது. அதே துறையில் பாடம் எடுத்த பேராசிரியர் ஸ்பாண்டர் ஆஸ்திரியர்; நாஜிகளின் வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். ஜெர்மானியர்கள் மீது அவருக்குக் கடும் வெறுப்பு இருந்ததையும் கலாம் மறைக்கவில்லை. அந்தப் போரின் இரு பக்கத்து மனிதர்களிடமிருந்தும் நம்ம ஊர் மாணவர்கள் விமானவியல் கற்றார்கள்.

இந்தியாவில் டாங்க் என்ன செய்தார்?

இந்தியா அதற்கு முன்பே தன் எண்ணத்தைக் காட்டிவிட்டது. பிரிட்டிஷ் பைபிளேனான டைகர் மாத்துக்குப் பதிலாக, வி.எம்.காட்கே தலைமையில் பெங்களூரு எச்.ஏ.எல் வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. கிட்டத்தட்டப் பத்து வருடம் கழித்து, 1961 ஜூன் 17 அன்று, டாங்க் குழு வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத் ஜெட் போர் விமானம் பறந்தது. அதற்கு முன் மரத்தால் முழு அளவு கிளைடர் ஒன்றைச் செய்து பறக்கவிட்டுச் சோதித்தார்கள். மொத்தம் தயாரான 147 மாருத்களில் 18 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள்.

மாருத்தின் உடல் ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கேற்ற என்ஜின்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. எதிர்பார்த்த பிரிட்டிஷ் என்ஜின் கைவிடப்பட, சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் 703-ஐ வைத்தே ஓட்ட வேண்டியதாயிற்று.

சரி, இன்று?

எச்.ஏ.எல்-இன் எச்.பி.டி-32 பயிற்சி விமானங்கள் 2009-ல் ஒரு விபத்துக்குப் பிறகு மொத்தமாக நிறுத்தப்பட்டன. 2012-ல் சுவிட்சர்லாந்திடமிருந்து 75 பிலாட்டஸ் விமானங்களை வாங்க ஒப்பந்தம் போட்டோம். எச்.டி-2 பறந்து 61 வருடம் கழித்து, முதல் பாடத்துக்கே வெளியிலிருந்து விமானம்! அடுத்து எச்.ஏ.எல்-இன் எச்.டி.டி-40 2016-ல் பறந்தது; 2023-ல் 70 விமானங்களுக்கு ஒப்பந்தமானது. அதன் என்ஜின் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவன வடிவமைப்பு.

ஸ்டீக்லிட்ஸின் சீமென்ஸ் என்ஜின் ஜெர்மனியிலேயே தயாரானது. எனவே அடுத்த முறை 'உள்நாட்டுப் பயிற்சி விமானம்' என்று ஒரு செய்தி உங்கள் போனில் வந்தால், இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எத்தனை மாணவர்களுக்கு சீட் கிடைக்கும்? என்ஜின் யாருடையது? முதல் பதில் நாடு எங்கே போக ஆசைப்படுகிறது என்று சொல்லும். இரண்டாவது பதில், அங்கே போக யாரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று சொல்லும்.