இரண்டு சாம்பல் நிறங்கள்

2004ஆம் ஆண்டுவாக்கில் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் தன் விளையாட்டுக் கட்டைகளின் மூன்று நிறங்களை மாற்றியது. வெளிர் சாம்பல், அடர் சாம்பல், பழுப்பு என்பன அவை. பழைய சாம்பலில் மஞ்சளின் சாயல் சிறிது உண்டு. புதிய சாம்பலில் நீலத்தின் சாயல். தனித்தனியே பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. ஒரு கோட்டைச் சுவரில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மட்டும், ஒட்டுப்போட்ட வேட்டிபோல் பளிச்சென்று தெரியும். விளையாடும் சிறுவர்கள் இதனைப் பொருட்படுத்தியிருக்க வாய்ப்பில்லை. பொருட்படுத்தியவர்கள் பொறியாளர்களும் வழக்குரைஞர்களும் கணினித் துறையினருமான பெரியவர்கள். அவர்கள் நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதங்கள் எழுதினர். தாம் பல்லாண்டாகச் சேர்த்த சேகரிப்பு ஒரே நாளில் பழையதாகிவிட்டது என்று கொதித்தனர்.

பொம்மைக்காகப் பெரியவர்கள் போர்க்கொடி தூக்குவதா என்று நகைப்பது எளிது. நாமும் முதலில் நகைக்கவே விரும்புவோம். ஆயினும் அந்தக் கோபத்தின் வேரைத் தேடிப் போனால், ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அதைப் பேணி வைத்திருப்பவனுக்கும் இடையிலுள்ள உரிமைப் பிணக்கு ஒன்று புலப்படுகிறது. அதற்கு 1958ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், உலகப் பொருளாதார மந்தத்தால் வேலை குன்றிய 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ எனப் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் லெகோ என்ற பெயரை வைத்தார். போர் முடிந்தபின் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்று வாங்கப்பட்டது. 1949இல் வெளிவந்த முதற் கட்டைகள் அவருடைய சொந்தக் கற்பனையில் பிறந்தவையல்ல. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் விற்ற கட்டைகளின் வழிவந்தவை அவை. பேஜ் 1957இல் மறைந்தார். அந்தக் கட்டைகளின் உரிமைகளை லெகோ விலைக்கு வாங்கியது 1981இல்தான். வெற்றிக் கதைகள் சொல்லும்போது இந்தச் செய்தி ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடுவது வழக்கம்.

முதற் கட்டைகளின் அடிப்புறம் வெறும் குழி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஆனால் பிடிப்பு இராது, தட்டினால் சரிந்துவிடும். ஓலே கிர்க்கின் மகன் கோட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று பதிவுசெய்த காப்புரிமை இந்தக் குறையைத் தீர்த்தது. கட்டையின் உட்புறத்தில் மூன்று குழாய்கள் சேர்ந்தன. மேலுள்ள குமிழ்கள் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகப் பற்றிக்கொண்டன. 1963இல் மூலப்பொருளும் மாறியது. அதற்கு முன்பிருந்த செல்லுலோஸ் அசிடேட் காலப்போக்கில் வளைந்து கோணிவிடும்; புதிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அளவு மாறாது நிற்கும். இந்நாளிலும் தேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் பழைய கட்டையின் கோணலைக் கொண்டே அதன் காலத்தைக் கணித்துவிடுவார்.

1958இல் வார்த்த கட்டை இன்று வார்த்த கட்டையோடு பொருந்தும். லெகோவின் பெருமையனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். அதன் சிக்கல்களும் இதிலிருந்து பிறந்தவையே. வேறு பொம்மைகள் உடையும், பழசாகும், குப்பைக்குப் போகும். இதுவோ தாத்தாவிடமிருந்து பேத்திக்கு வந்து அவளது புதிய பெட்டியிலுள்ள கட்டைகளோடு கலந்துவிடும். இப்படிப்பட்ட பொருளைச் சேர்ப்பவர் எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று தமக்கும் நிறுவனத்துக்கும் இடையே இருப்பதாக நம்பத் தொடங்குகிறார்.

பெரியவர்கள் இந்தக் கட்டைகளைக் கையிலெடுத்தது பிற்காலத்து விந்தை என்று கருதுவோர் உண்டு. உண்மை அதுவன்று. 1960களின் தொடக்கத்திலேயே, தம் வீட்டின் மாதிரியைக் கட்டிப்பார்க்கும் பெரியவர்களுக்கென ஒரு வரிசையை லெகோ வெளியிட்டது. சாதாரணக் கட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குள்ள தகடு அக்காலத்து வரவே. கட்டடக் கலைஞர்களுக்கென 1963இல் மொடுலெக்ஸ் என்ற தனி நிறுவனமும் ஐந்து மில்லிமீட்டர் அளவையுடைய சிறு கட்டைகளும் தோன்றின. சாதாரண லெகோ கட்டையின் அகலமும் உயரமும் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் உள்ளமையால் வரைபடக் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதே காரணம். 1968இல் பில்லுண்டில் திறக்கப்பட்ட லெகோலாந்து பூங்காவின் குறுநகரங்களைக் கட்டுவதில் டாக்னி ஹோல்ம் என்ற பெண் சிற்பி முதன்மைப் பங்காற்றினார். ஆக, பெரியவர்கள் கட்டுவது அங்கே ஊதியம் பெறும் தொழிலாகவே இருந்தது. ஊதியமின்றித் தம் வீட்டில் கட்டும் பெரியவரைத்தான் நிறுவனம் நெடுங்காலம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

அத்தகையோர் தம் வாழ்வின் ஒரு பகுதியை ‘இருண்ட காலம்’ என்று குறிப்பதுண்டு. பதின்பருவத்தில் பெட்டியைப் பரணில் போட்ட நாள் முதல், பின்னொரு நாள் அதைத் தேடி இறக்கும்வரை உள்ள ஆண்டுகளே அவை. ஐரோப்பிய வரலாற்றாசிரியர் வழங்கிய சொல்லை விளையாட்டாக எடுத்தாண்டிருக்கிறார்கள். நம் களப்பிரர் காலத்தை நினைவூட்டும் பெயர். வேலையும் குடும்பமும் அமைந்த முப்பது வயதில் மீண்டும் கட்டையைத் தொடுபவர் அதை மறைவாகவே செய்தார். கடைக்காரரிடம் மகனுக்கென்று சொல்லி வாங்கிச் சென்றார். 1990களில் கணினி வலைப்பின்னல் வந்த பிறகே, தம்மைப் போல் ஆயிரவர் உளர் என்று அவர்கள் அறிந்தனர்.

அவர்களுள் நாம் நின்று நினைக்க வேண்டிய ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன். இவர் 1995இல் எல்டிரா என்ற மென்பொருளை எழுதினார். கணினித் திரையில் லெகோ கட்டைகளை அடுக்கி, ஒரு படைப்பின் செயல்முறையைப் பிறருக்குக் காட்ட வழிசெய்தது அது. கட்டையின் அகலம் 20 அலகு, உயரம் 24 அலகு, தகட்டின் உயரம் 8 அலகு என ஓர் அளவைமுறையை வகுத்தார். பின்னமின்றி முழு எண்களாக அமையும் இம்முறையின் எளிமை வியக்கத்தக்கது. ஜெசிமன் 1997 ஜூலையில், இருபதுகளின் நடுவிலேயே, நோயுற்று இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து முன்பின் அறியாத அன்பர்கள் தொடர்ந்தனர். ஒவ்வோர் உறுப்பையும் கையால் அளந்து, பிறர் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டபின் நூலகத்தில் சேர்த்தனர். ஆயிரக்கணக்கான உறுப்புகள் இவ்வாறு சேர்ந்தன. ஊதியம் கிடையாது, நிறுவனத்தின் ஆணையும் கிடையாது. அகராதிப் பணி செய்தவர்களின் பொறுமையை அறிந்தவர்க்கு இந்த உழைப்பின் அருமை விளங்கும்.

கட்டுவோரின் கலை எத்தகையது என்பதையும் சற்றுச் சொல்ல வேண்டும். குமிழ் மேல்நோக்க அடுக்குவதே சிறுவர் முறை. பெரியவர்களோ கட்டையைப் பக்கவாட்டில் திருப்பினர், தலைகீழாக்கினர். இதற்கு உதவியது ஒரு சிறு கணக்கு. இரு குமிழ்களுக்கு இடைத்தூரம் 8 மில்லிமீட்டர். தகட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் அகலமும் அதுவே. நிற்பதும் படுப்பதும் இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்துமென்று தெரிந்ததும் வளைவுகளும் சாய்வுகளும் எழுத்துருக்களும் பிறந்தன. கார் முகப்பு விளக்குக்கென எர்லிங் டீதரிக்சன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய, பக்கத்தில் குமிழுள்ள ஒரு சிறு கட்டையை, அன்பர்கள் அவர் பெயராலேயே எர்லிங் என்று அழைக்கின்றனர். யாப்பின் கட்டுப்பாட்டுக்குள் நின்றே புதுமை காணும் வெண்பாக்காரனின் மகிழ்ச்சி இவர்களுக்கும் உரியது என்போம். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறினை எத்தனை வகையாய்ச் சேர்க்கலாம் என்பதற்கு 102,981,500 என்ற எண்ணை நிறுவனம் பல்லாண்டு சொல்லிவந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையால் அது 915,103,765 என்று காட்டினார். நிறுவனம் எண்ணியது ஆறடுக்கு உயரக் கோபுரங்களை மட்டுமே.

இனி அந்தச் சாம்பல் நிறத்துக்கு வருவோம். 2000களின் தொடக்கத்தில் லெகோ மூழ்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் தொடர், பூங்கா, உடை, கணினி விளையாட்டு எனக் கால் வைத்த இடங்கள் பல. வார்க்கப்படும் உறுப்பு வகைகள் 12,000ஐத் தாண்டின. 2004இல் மட்டும் ஏறத்தாழ 190 கோடி டேனிஷ் குரோனர் நட்டம். அந்த ஆண்டு அக்டோபரில் குடும்பத்துக்கு வெளியிலிருந்து முதன்முறையாக யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் தலைமைக்கு வந்தார். உறுப்புகளையும் நிறங்களையும் குறைப்பது பிழைப்பதற்கான வழியாயிற்று. நிறமாற்றமும் இந்த நெருக்கடிக் காலத்தில் நிகழ்ந்ததுதான். நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டோம். தொழிற்சாலையே மூடப்படும் வேளையில் சாம்பலின் சாயலைப் பற்றி யார் கவலைப்படுவர்?

கவலைப்பட்டவர்களுக்கும் நியாயம் இருந்தது. கோட்டை, கப்பல், விண்கலம், புகைவண்டி, தெரு என எதைக் கட்டினாலும் அடித்தளம் சாம்பலே. பத்தாண்டாய்ச் சேர்த்த பல்லாயிரம் சாம்பல் கட்டைகளுடன் புதியவை இனிச் சேரா. வடிவத்தில் பொருந்தும், கண்ணுக்குப் பொருந்தாது. 1958இன் உடன்படிக்கையில் நிறம் எழுதப்படவில்லை என்பது நிறுவனத்தின் எண்ணம். எழுதாமலே அது விளங்கும் என்பது அன்பர்களின் வாதம். ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஓர் எழுத்து வேறுபட்டால் என்ன, பொருள் மாறவில்லையே என்பான் அச்சிடுபவன். பாடபேதத்தை விடுவதாயில்லை என்பான் பதிப்பாசிரியன். இருவரும் ஒரே நூலைத்தான் நேசிக்கிறார்கள்.

பழைய சாம்பலின் பாடும் கவலைக்குரியதே. வெயில் பட்டால் அது மஞ்சளாகிறது, வெள்ளையும் அவ்வாறே. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் ஊறவைத்து வெயிலில் காட்டி நிறத்தை மீட்கும் முறையைச் சேகரிப்பாளர்கள் கைக்கொள்கின்றனர். கெடுத்த வெயிலே மருந்தாவது ஒரு விந்தை. மீட்ட நிறம் நிலைப்பதற்கு உறுதியில்லை.

அந்தக் கொந்தளிப்புக்குப் பின் நிறுவனம் பெரியவர்களிடம் செவிசாய்க்கக் கற்றது. 2005இல் அமெரிக்காவில் நடந்த அன்பர் மாநாட்டுக்கு நுட்ஸ்டோர்ப் நேரில் சென்று கேள்விகளுக்கு விடையளித்தார். முன்னரே, 2002இல், டேனியல் சிஸ்கைண்ட் என்ற அன்பரின் கொல்லன் பட்டறையை நிறுவனம் பெட்டியாக வெளியிட்டதுண்டு. 2007இல் வந்த தெருமுனைக் காப்பிக் கடை இன்னும் முக்கியமானது. 2,056 துண்டுகள் கொண்ட அதனை வடிவமைத்த ஜேமி பெராட், அன்பராயிருந்து நிறுவனத்தில் பணியேற்றவர். அருகருகே வைத்துத் தெருவாக்கும்படி அமைந்த அக்கட்டட வரிசை பின்னும் தொடர்ந்து வந்தது. அதே ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளுடன் ‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலம் ஒன்றும் வெளிவந்தது. சிறுவன் ஒருவன் தன் கைச்செலவுக் காசில் வாங்கக்கூடிய பொருளல்ல அது. 2020 முதல் பெட்டிகளிலேயே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்று அச்சிடலாயினர்.

இந்த ஏற்புக்கு ஒரு விலை இருந்தது. கட்டுபவரின் இடத்தில் பதுக்குபவர் வந்தார். 2008இல் வந்த தாஜ்மகால் பெட்டி இதற்குச் சான்று. 5,922 துண்டுகள், அந்நாளில் லெகோவின் மிகப் பெரிய தொகுப்பு. உற்பத்தி நின்றபின் உறை பிரிக்காத பெட்டியின் விலை பல மடங்கு ஏறியது. மும்தாஜின் கல்லறையை அட்டைப்பெட்டிக்குள்ளேயே புதைத்து வைத்தோர் பலர். 2017இல் நிறுவனம் ஏறத்தாழ அதே தொகுப்பை மீண்டும் வெளியிட்டபோது, கட்ட விரும்பியோர் மகிழ்ந்தனர். முதலீடு செய்தோர் நொந்தனர். 1987 முதல் 2015 வரையிலான பெட்டிகளின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்த ரஷ்யப் பொருளியலாளர் இருவர், ஆண்டுக்குச் சராசரி 11 விழுக்காடு ஆதாயம் கிடைத்ததாகக் கண்டனர். தங்கத்தோடு ஒப்பிட்டுச் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. நமக்கு அதில் மகிழ்ச்சியில்லை. பிரிக்காத பெட்டியிலுள்ள கட்டை இன்னும் கட்டையாகவில்லை. அது பங்குப் பத்திரத்தின் இன்னொரு வடிவம். நூலைப் படிக்காமல் முதற்பதிப்பென்று பூட்டி வைப்பவரிடம் நமக்குள்ள மனத்தாங்கலே இங்கும்.

உதிரிக் கட்டைகளின் சந்தை வேறு வகையானது. 2000ஆம் ஆண்டில் டேனியல் யெசெக் என்ற இளைஞர் தொடங்கிய பிரிக்லிங்க், ஒற்றைக் கட்டையைக்கூடத் தேடி வாங்க வழிசெய்தது. முப்பது ஆண்டுக்கு முந்தைய பெட்டியில் குறையும் ஒரு கதவை, ஒரு கொடியை, உலகின் மறுமூலையிலுள்ளவரிடமிருந்து சில காசுகளுக்குப் பெறலாம். அதன் முதுகெலும்பு, எந்தப் பெட்டியில் எந்த உறுப்பு எத்தனை என்று அன்பர்களே தொகுத்த பட்டியல். யெசெக் 2010இல் இளவயதில் மறைந்தார். சந்தை 2013இல் கொரியச் செல்வர் ஒருவரின் கைக்கு மாறி, 2019இல் லெகோ நிறுவனத்திடமே சென்று சேர்ந்தது. ஜெசிமன் தொடங்கிவைத்த உறுப்பு நூலகத்தின்மேல் எழுந்த வரைகலை மென்பொருளும் அதனுடன் சென்றது.

அந்தப் பட்டியலில் சாம்பலுக்கு நான்கு பெயர்கள் உள்ளன. பழைய இரண்டும் வெறுமனே வெளிர் சாம்பல், அடர் சாம்பல். புதியவற்றுக்கு மட்டும் நீலம் கலந்த என்னும் அடைமொழி. நிறுவனம் புதிய நிறங்களுக்குக் கல்லின் பெயரால் வேறு பெயரிட்டிருந்தது. தன் உடைமையாகிவிட்ட பட்டியலில் அது இன்றும் அன்பர்கள் இட்ட பெயர்களிலேயே அவற்றை விற்க விட்டிருக்கிறது.