கரி மூட்டி ஓடிய லாரிகள்

போர்களின் சரித்திரத்தை எழுதுவோர் படைகளையும் தளபதிகளையும் உடன்படிக்கைகளையும் பற்றி விரிவாக எழுதுவர். அப்போர்கள் நடந்த காலத்தில் சந்தைக்கு நெல் மூட்டை எவ்வாறு போய்ச் சேர்ந்தது, ஊர்விட்டு ஊர் செல்வோர் எந்த வண்டியில் ஏறினர் என்பனவற்றை எழுதுவோர் சிலரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் கரியின் புகையைக் கொண்டு ஓடிய பழைய லாரிகளின் கதை அவ்வாறு விடுபட்டுப்போன ஒன்று. அக்கதை நகைப்புக்கு உரியதன்று; வெறும் புகழ்ச்சிக்கு உரியதும் அன்று. கையிலுள்ள பொருளைக் கொண்டு ஒரு குறையை நிரப்பும்போது அதற்குரிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் தட்டுப்பாடு வந்த வழியைப் பார்ப்போம். இந்தியாவில் 1941ஆம் ஆண்டிலேயே பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்துவிட்டது. 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர், பகைவர் கைக்குப் போய்விடலாகாது என்று ஏனான்ஜவுங் எண்ணெய்க் கிணறுகளைத் தம் கையாலேயே அழித்தனர். நமக்கு அண்மையிலிருந்த பெரிய எண்ணெய் ஊற்று அத்துடன் அடைபட்டது. எஞ்சிய பெட்ரோலில் படைகளின் தேவையே முதலிடம் பெற்றது. ஊர்ச் சாலைகளில் ஓடிய பஸ்ஸும் லாரியும் வேறு உணவைத் தேட வேண்டியதாயிற்று.

அந்த உணவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஜெர்மனியில் பிஷோப் என்பார் 1839இலேயே எரிபொருளை அரைகுறையாக எரித்து வாயு எடுக்கும் கலத்தை அமைத்தார். சீமென்ஸ் சகோதரர்கள் அம்முறையை எஃகு, கண்ணாடி உலைகளுக்குப் பயன்படுத்தினர். 1920க்குப் பிந்திய ஆண்டுகளில் ஜார்ஜ் இம்பெர்ட் என்ற பொறியியலார் விறகை இட்டு மோட்டார் வண்டி ஓட்டும் கலத்தைச் செப்பம் செய்தார். போர் மூண்டதும் ஐரோப்பாவில் இத்தகைய வண்டிகள் பல்கிப் பெருகின. சுவீடனில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட வண்டிகள் இம்முறையில் ஓடின.

நம் நாட்டில் விறகைக் காட்டிலும் கரியே இதற்கு ஏற்றதாக அமைந்தது. பச்சை விறகை எரித்தால் வாயுவோடு தாரும் வரும்; அது இயந்திரத்தின் வால்வுகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை அசையவிடாமல் செய்துவிடும். தாரை எரித்து ஒழிக்க இம்பெர்ட் கலத்தைப் போன்ற நுட்பமான அடுப்பு வேண்டும். நன்கு சுட்ட கரியில் தார் மிகக் குறைவு. ஆதலால் தகர வேலையும் ஒட்டு வேலையும் அறிந்த பட்டறைக்காரர் எவரும் கரிக் கலத்தைச் செய்ய முற்படலாம். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இத்தகைய வாயுக் கலங்களைத் தானே வடிவமைத்துச் செய்தது. மக்கள் அவ்வண்டிகளுக்குக் கரி வண்டி என்றே பெயரிட்டனர்.

அக்கலத்தின் அமைப்பு எளிது. ஓர் இரும்புப் பீப்பாயில் கரியை நிரப்பி மூடியை இறுக்குகிறார்கள். அடியில் சிறு துளை வழியாகக் காற்று அளவாகப் புகுகிறது. அவ்விடத்தில் வெப்பம் 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் எழுகிறது. கரி முதலில் எரிந்து கரியமில வாயுவாகிறது. அது தணல்போல் சிவந்திருக்கும் மற்றக் கரியினூடே செல்லும்போது எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அந்த வாயு சூடாகவும் சாம்பல் கலந்தும் வெளிப்படும். நீண்ட குழாய்களில் செலுத்தி அதைக் குளிரச்செய்து, துணியோ தேங்காய் நாரோ அடைத்த வடிகட்டியில் தூசி நீக்கி, இயந்திரத்தின் வாயிலில் காற்றோடு கலக்கவிடுவர். வடிகட்டியில் அசட்டை செய்தால் சாம்பல் மணல்போல் புகுந்து சிலிண்டரை அராவிவிடும்.

பழைய லாரிக்கு இது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அதன் இயந்திரம் பெரியது, மெதுவாகச் சுழல்வது, கைக்கு எட்டுமாறு திறந்து கிடப்பது. கார்புரேட்டரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் ஒரு கிளைக்குழாயும் கதவும் பொருத்தினால் போதும். சிறிது பெட்ரோலில் கிளப்பிவிட்டு, பின்னர் வாயுவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கரி வாயு மெல்ல எரிவதால் தீப்பொறியைச் சற்று முன்னதாகவே விழச்செய்ய வேண்டும். இவற்றைப் புத்தகத்தில் படித்தவர் சிலர். வண்டியின் ஓசையைக் கேட்டே தெரிந்துகொண்டவர் பலர்.

இனி விலையைப் பார்ப்போம். அவ்வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகவே வண்டியின் வலிமை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடப்பதும், தள்ளுவதும் அக்காலத்தார் நன்கறிந்த காட்சி. அது சிறு விலைதான். பெரிய விலையைக் கொடுத்தவர் கிளீனர். விடியுமுன் எழுந்து, சாம்பலை வாரி, கரியை உடைத்து நிரப்பி, தீ மூட்டி, விசிறியின் கைப்பிடியைக் கை சலிக்கச் சுற்றியவர் அவரே. பெட்ரோல் வண்டியில் ஒரு விசையைத் தட்டினால் முடியும் வேலை, அவருக்கு நீண்ட நேர உழைப்பாயிற்று.

உழைப்போடு ஆபத்தும் அவர் பங்கிலேயே வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் குருதி பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் அதனைப் பற்றிக்கொள்ளும். வண்டி ஓடும்போது இயந்திரம் வாயுவை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதால், குழாயில் பிளவு இருந்தாலும் வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். வண்டி நின்ற பின்னரே உள்ளிருக்கும் தணல் வாயுவை வெளியே தள்ளும். கரி நிரப்ப மூடியைத் திறக்கும் வேளையும், மூடிய கொட்டகையில் வண்டியை நிறுத்தி அதனருகில் படுத்துறங்கும் இரவுமே அஞ்சத்தக்கவை. வண்டியில் ஏறிச் சென்றவர் காற்றோட்டத்தில் இருந்தார். வண்டியைக் காத்தவர் நச்சின் அருகில் இருந்தார். சுவீடனில் போர்க்காலத்தில் இந்த வாயுவினால் நோயுற்றோர் பலர். மருத்துவர்கள் அதனைத் தனியே ஆராயவும் நேர்ந்தது.

மற்றொரு விலையை மரங்கள் கொடுத்தன. மண் மூடிய மூட்டத்தில் ஒரு மடங்கு கரி எடுக்க நான்கைந்து மடங்கு விறகு வேண்டும். அடுப்புக்கும் ரயிலுக்கும் விறகு வேண்டியிருந்த காலத்தில் லாரியும் அதே காட்டில் பங்கு கேட்டது. சில ஆண்டுகளுக்கு இது தாங்கும், என்றைக்கும் தாங்காது.

1945இல் போர் முடிந்தது. பெட்ரோல் மீண்டும் வரத் தொடங்கியதும் பீப்பாய்கள் கழற்றப்பட்டுப் பழைய இரும்பாயின. அவற்றைத் துறந்ததில் தவறில்லை. அந்த அறிவையும் உடன் துறந்ததே இழப்பு. 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தபோது சுவீடன் விழித்துக்கொண்டது. எண்ணெய் திடீரென நின்றுபோனால் வண்டிகளை வாயுவுக்கு மாற்றும் ஆராய்ச்சியை மறு ஆண்டே தொடங்கியது. அமெரிக்காவில் 1989இல், அரசின் நெருக்கடிக்கால நிர்வாகத்துக்கென ஒரு செய்முறை ஏடு தயாரிக்கப்பட்டது. குப்பைத் தொட்டியைக் கலமாகவும், துளையிட்ட எஃகுக் கிண்ணத்தைத் தீத்தட்டாகவும் கொண்டு, பண்ணை டிராக்டர் ஒன்றை ஓட்டும் வகையை அது படங்களுடன் விளக்குகிறது. அந்த ஏட்டில் நஞ்சு வாயுவைப் பற்றிய எச்சரிக்கையும் இடம்பெற்றுள்ளது.

நம் பட்டறைகளில் அதே வேலையைச் செய்தவர்கள் ஏடு எழுதவில்லை. அவர்கள் கற்றது கைப்பழக்கமாகவே இருந்து, கையோடு மறைந்தது. எந்தக் குழாய் எவ்வளவு நீளம், எந்தக் கரி நன்று, எங்கே படுத்துறங்கலாகாது என்ற செய்திகள் யாவும் அறிவுச் செல்வம் என்பதை நாம் உணர வேண்டும். இன்னொரு தட்டுப்பாடு வருமானால், இயந்திரம் ஓடுமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு மூச்சு ஊட்டுபவன் நலமாக இருப்பானா என்றும் கேட்கும் பொறுப்பை அந்தப் பழைய கரி லாரிகள் நம்மிடம் விட்டுச் சென்றிருக்கின்றன.