தற்காலிக அனுமதி

வருஷக்கணக்கில் அரசாங்கக் கோப்பு பார்த்தவனுக்குத் 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கண்டாலே சந்தேகம் வரும். பிரெஞ்சில் 'ப்ரொவிஸ்வார்'. பூச்சிமருந்து விஷயத்தில் அந்தச் சொல் செய்த வேலையை மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பார்க்கலாம்.

கரீபியக் கடலில் இருந்தாலும் அவை நமக்கு அந்நியமல்ல. 1853-லும் 1854-லும் 'ஒரேலி' என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக முதலில் அங்கே போனவர்கள் நம் கரையிலிருந்து போனவர்கள்தாம். போனது கரும்புக்கு. பின்னாளில் வாழை பெரும் பயிராயிற்று.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்குக் 'குளோர்தெகோன்' என்றொரு மருந்து. அறுபதுகளின் கடைசியில், இது நஞ்சு, வேண்டாம் என்று பாரிஸ் நிபுணர் குழு சொன்னது. 1972-ல் அதே மருந்துக்குத் தற்காலிக விற்பனை அனுமதி கிடைத்துவிட்டது! 1974-ல் மர்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இந்த மருந்தை நிறுத்தச் சொல்லியும் கேட்டார்கள். ழாந்தார்ம்கள் சுட்டதில் ஒருவர் இறந்தார். கையால் மருந்தைத் தூவியவர்களுக்குத் தெரிந்தது மேசைக்கு எட்டவில்லை.

1975-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், இதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளிகளுக்குக் கைநடுக்கம் கண்டது. ஆலையை மூடினார்கள், பக்கத்து ஜேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கவும் தடை. பாரிஸோ 1981-ல் 'கியுர்லோன்' என்ற புதுப்பெயரில் மறுபடி அனுமதித்தது. புயல்களுக்குப் பிறகு வண்டு பெருகிவிட்டதென்று காரணம்.

1990-ல் ஒருவழியாகத் தடை வந்தது. ஆனால் தடை உத்தரவைவிட அதன் பின்னால் வந்த விலக்கு உத்தரவைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தோட்ட முதலாளிகள் கேட்டார்கள், அமைச்சகம் கொடுத்தது; இந்தத் தீவுகளில் மட்டும் 1993 செப்டம்பர் வரை தூவினார்கள்.

இந்த மருந்து மண்ணில் மக்காது. கிழங்கு, கோழிமுட்டை, ஆற்றுமீன் வழியாக, தீவுகளின் வயதுவந்தோர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் கலந்திருக்கிறது. மாரியம்மனை 'மாலியேமன்' என்று கும்பிடும் நம்மவர் வம்சமும் இந்தக் கணக்கில் அடக்கம்தானே. 2006-ல் கொடுத்த புகாரை 2023 ஜனவரியில் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்: இது பெரிய சுகாதாரக் கேடு, ஆனால் யாரையும் குற்றவாளியாக நிறுத்த வழியில்லை என்று.

இன்றும் அங்கே வீட்டுத் தோட்டத்தில் வள்ளிக்கிழங்கு போடுமுன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது.