கலை கைவினை இயக்கப் பெண்களின் குலச்சின்னக் கண்ணாடி

பிரபுக் குடும்பங்கள், நகர மன்றங்கள், கல்லூரிகள் முதலியவற்றின் கேடயச் சின்னங்களை வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் அமைப்பது இங்கிலாந்தில் இடைக்காலம் தொட்டு வரும் கலை. 19ஆம் நூற்றாண்டில் பெரிய பட்டறைகளில் ஒருவர் வரைய, மற்றொருவர் வெட்ட, வேறொருவர் தீட்டுவது வழக்கமாயிற்று. வரைந்தவரே கண்ணாடியைத் தேர்ந்து, தீட்டி, சுட்டு முடிக்க வேண்டும் என்றது கலை கைவினை இயக்கம். கிறிஸ்டோபர் வால் இந்த முறையைக் கற்பித்தவர்களில் முதன்மையானவர்.

குலச்சின்னத்தில் கலைஞர் விருப்பத்துக்கு இடம் குறைவு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு போன்றவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறமோ, உலோகத்தின்மேல் உலோகமோ வரலாகாது என்பது பொது விதி. திறமை தெரிவது செய்நேர்த்தியில்தான். நீலப் புலத்தில் பொன் சிங்கம் என்றால், அதன் வாலையும் நகங்களையும் தனித்தனித் துண்டுகளாக வெட்டி ஈயப் பட்டையில் கோத்தால் சிங்கமே மறைந்துபோகும். ஆகவே வெண்கண்ணாடிமேல் நீலம் மெல்லிய படலமாகப் படிந்த தகட்டை எடுத்து, சிங்கம் வரும் இடத்தில் மட்டும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் படலத்தை அரித்தெடுப்பர். அங்கே வெள்ளிச் சேர்மக் கலவை பூசிச் சூளையில் சுட்டால் பொன்மஞ்சள் தோன்றும்.

சொந்தச் சூளை வைக்க வசதியில்லாதவர்களுக்கு வழி திறந்தவர் மேரி லவுண்டஸ் (1856–1929). 1897இல் ஆல்ஃபிரெட் டிரூரியுடன் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1906இல் லண்டனின் ஃபுலம் பகுதியில் அதற்கெனக் கட்டிய ‘கிளாஸ் ஹவுஸ்’ பல பெண் கலைஞர்களுக்குப் பணியிடமாயிற்று. பெண் வாக்குரிமை ஊர்வலக் கொடிகளையும் குலச்சின்னப் பாணியிலேயே லவுண்டஸ் வடிவமைத்தார்.

இப்பெண்கள் செய்த குலச்சின்னக் கண்ணாடிகளில் மிகவும் பேசப்படுவது ஒரு கேலிச் சின்னம் என்பது வேடிக்கை. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா வடிவமைக்க, 1910இல் கரோலைன் டவுன்ஷெண்ட் செய்த ‘ஃபேபியன்’ என்ற சோஷலிசச் சங்கத்தின் சாளரத்தில் அதன் உறுப்பினர்களான ஷாவும் சிட்னி வெப்பும் பூமி உருண்டையைச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். மேலே ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய், சங்கத்தின் சின்னமாக. கீழே மண்டியிட்டிருக்கும் உறுப்பினர் வரிசையில் டவுன்ஷெண்டும் உண்டு. ஷா அதை எடுத்துச் செல்லவே இல்லை. 1947 வரை டவுன்ஷெண்டின் பட்டறையிலேயே கிடந்தது. 1978இல் திருடுபோய், 2005இல் ஏலத்துக்கு வந்து மீட்கப்பட்டு, இப்போது லண்டன் பொருளாதாரப் பள்ளியில் உள்ளது.

கிறிஸ்டோபர் வாலின் மகள் வெரோனிகா வால் (1887–1967), கார்ன்வாலின் டின்டாஜெலில் 1933இல் திறக்கப்பட்ட ஆர்தர் மன்னர் மண்டபத்துக்கு 70க்கும் மேற்பட்ட சாளரங்கள் செய்தார். அவற்றில் வட்டமேசை வீரர்களின் சின்னங்கள் இடம்பெறுகின்றன. கட்டுவித்தவர் கஸ்டர்டு தூள் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஃபிரெடெரிக் கிளாஸ்காக்.