வங்கிகள் வராத நகரில் பணப்பட்டுவாடா

ஆப்பிரிக்காவின் கொம்பு என்று பூகோள நூலார் வழங்கும் நிலப்பகுதியின் வடகரையில், ஏடன் வளைகுடாவை நோக்கியிருக்கும் ஸோமாலிலாந்து, 1991ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி தன்னைத் தனி நாடாகப் பிரகடனம் செய்துகொண்டு, தனக்கென்று கொடியும் சட்டசபையும் செலாவணியும் வகுத்துக்கொண்ட போதிலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலக நாடுகளின் அங்கீகாரத்தைப் பெறாமலே காலந்தள்ளிய பிரதேசமாகும். அங்கீகாரமில்லாத நாட்டில் கிளை திறக்க அந்நிய வங்கிகள் பெரும்பாலும் முன்வரவில்லை. வங்கிகள் இல்லாத இடத்தில் விசா, மாஸ்டர்கார்டு முதலிய சர்வதேச அட்டைகளுக்கு நெடுங்காலம் வேலையிருக்கவில்லை. அவ்வட்டைகளை அஸ்திவாரமாகக் கொண்ட ஆப்பிள் பே, கூகுள் பே போன்ற வசதிகளும் அவ்வூர்க் கடைக்காரனுக்கு எட்டவில்லை. ஆயினும் தலைநகரமாகிய ஹர்கெய்ஸாவில், தேநீர்க் கடையிலும், ஒட்டகப் பால் விற்கும் பெண்களிடத்திலும், காத் இலைக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி விற்கும் சிறு பந்தல்களிலும், கைபேசியின் வழியாகவே விலை கொடுக்கும் வழக்கம், செல்வம் மிக்க ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கு முன்னதாகவே வேரூன்றிவிட்டது. இதை நவீன விஞ்ஞானம் ஓர் ஏழை நாட்டுக்குத் திடீரென்று அளித்த வரமாகச் சொல்வோர் பலர். கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆனால் காசைக் கையில் கொடாமல், வாக்கை அனுப்பிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் அம்மக்களுக்கு மிகப் பழையது என்பதும், பெரிய ஸ்தாபனங்களின் கதவு அடைபட்ட போதெல்லாம் அப்பழக்கமே வேறோர் உருவில் எழுந்து அவர்களைத் தாங்கியது என்பதும் அந்நாட்டுச் சரித்திரத்தைப் பொறுமையுடன் பார்ப்போருக்கு விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கரையின் வாணிபமெல்லாம் பெர்பெராத் துறைமுகத்தில் கூடியது. அக்டோபர் மாதம் தொடங்கி ஏப்ரல் வரையில், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் மட்டும் அங்கே ஒரு பெருஞ்சந்தை நடைபெறும். உள்நாட்டிலிருந்து ஒட்டக வரிசைகள் பிசினும் நெய்யும் தோலும் தீக்கோழி இறகும் சுமந்து வரும். கட்ச், குஜராத் கரைகளிலிருந்து பனியா வியாபாரிகள் துணியும் அரிசியும் கொண்டு வந்து இறக்குவர். வெயில் முற்றிக் காற்றுத் திரும்பியதும் அனைவரும் கலைந்துபோக, ஊர் ஏறக்குறைய வெறும் மணலாகிவிடும். ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலப் பிரயாணி 1855ஆம் ஆண்டில் இந்தச் சந்தையைக் கண்டு எழுதியிருக்கிறார். அங்கே நீதிமன்றமுமில்லை, அரசனுடைய காவலுமில்லை. அந்நிய வியாபாரி கரையில் கால் வைத்தவுடன் ‘அப்பான்’ என்னும் ஒருவனைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவனே தரகன், அவனே காவலன், வழக்கு நேர்ந்தால் அவனே மத்தியஸ்தன். தன் பாதுகாப்பிலுள்ளவனுக்குத் தீங்கு வந்தால், அந்த அவமானம் அப்பானுடைய குலம் முழுவதையும் சேரும் என்ற ஒரே பயம், அத்தனை சரக்குக்கும் உத்தரவாதமாக நின்றது. குலத்தில் ஒருவன் செய்த குற்றத்துக்குக் குலத்தார் அனைவரும் கூடி ஈடு கொடுக்கும் சம்பிரதாயம் ஸோமாலியரிடம் தொன்றுதொட்டு உண்டு. கடனும் அவ்வாறே ஒருவன் தலையோடு நின்றுவிடுவதில்லை.

1880களில் பிரிட்டிஷார் அக்கரையைத் தம் பாதுகாப்பு நாடாக்கிக்கொண்டு, 1898 வரையில் இந்திய அரசாங்கத்தின் மூலமாகவே அதை ஆண்டனர். அதனால் நம் ரூபாயே அங்கும் வழங்கியது. 1951இல் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்து சேரும்வரை பெர்பெராவின் ஆட்டு வியாபாரி இந்திய ரூபாயைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். அந்நியர் அச்சிட்ட பணத்தைக் கொண்டு உள்ளூர் வாணிபம் நடத்துவது அவர்களுக்குப் புதுமையன்று என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

1960ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி சுதந்திரம் பெற்ற வடபகுதி, ஜூலை முதல் தேதியன்று இத்தாலியர் ஆண்ட தென்பகுதியோடு இணைந்து ஸோமாலியக் குடியரசாயிற்று. 1969இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றிய ஸியாத் பார்ரே, மறு ஆண்டே வங்கிகளைத் தேசவுடைமையாக்கினார். அக்காலத்தில் எண்ணெய் விலை ஏறி அரபு நாடுகள் செழிக்க, ஸோமாலிய இளைஞர் ஆயிரக்கணக்கில் அங்கே கூலிக்குச் சென்றனர். அவர்கள் அரசாங்க வங்கியின் வாயிலாகப் பணம் அனுப்பினால், அதிகாரிகள் நிர்ணயித்த குறைந்த மாற்று விகிதமே வீட்டாருக்குக் கிடைக்கும். ஆகவே வேறொரு வழி பிறந்தது. ஜெட்டாவில் உழைக்கும் மகன் தன் ரியால்களை ஒரு வியாபாரியிடம் ஒப்படைப்பான். வியாபாரி அந்தத் தொகைக்கு அரிசியோ சர்க்கரையோ துணியோ வாங்கித் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றுவான். சரக்கு விற்றபின், கைவந்த ஷில்லிங்கிலிருந்து அம்மகனுடைய தாயாருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுவான். ‘பிராங்கோ வலூத்தா’ என்று பெயர் பெற்ற இம்முறையில் பணம் எல்லையைக் கடக்கவேயில்லை. சரக்கு கடந்தது, வாக்குக் கடந்தது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் இம்முறையை ஒழிக்க முற்பட்ட பிறகும், பழகிப்போன வியாபாரிகளும் பழகிப்போன குடும்பங்களும் ஒருவரையொருவர் விடவில்லை.

1988ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வடக்கே கிளர்ச்சிப் படையினர் புராவ், ஹர்கெய்ஸா ஆகிய நகரங்களுக்குள் புகுந்ததும், ஸியாத் பார்ரேயின் அரசாங்கம் தன் சொந்த நகரத்தின் மீதே பீரங்கியையும் விமானத்தையும் ஏவியது. ஹர்கெய்ஸா விமான நிலையத்திலிருந்து எழுந்த விமானங்கள் அதே ஹர்கெய்ஸாவில் குண்டு பொழிந்துவிட்டு அங்கேயே வந்து இறங்கிய கொடுமையைச் சரித்திரத்தில் வேறெங்கும் நான் படித்ததில்லை. அப்போரில் வீழ்ந்த விமானமொன்றை அந்நகரத்தார் இன்றும் நடுவீதியில் நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கின்றனர். இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து எதியோப்பியாவின் ஹார்த்திஷேக் முதலிய அகதி முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். புராவ் நகரில் 1970 முதல் பணம் அனுப்பும் தொழில் நடத்திய தஹப்ஷீல் நிறுவனத்தின் உரிமையாளரும் உடைமையிழந்து ஓடிய அகதிகளுள் ஒருவர். முகாம்களுக்கு நடுவிலேதான் அவர் தொழிலை மறுபடி தொடங்கினார்.

‘ஹவாலாத்’ என்று ஸோமாலியர் கூறும் இத்தொழில், நம் நகரத்தார் ரங்கூனிலும் கொழும்பிலும் நடத்திய உண்டியல் முறைக்கு நெருங்கிய உறவுடையது. தபாலும் தந்தியும் அழிந்துபோன நாட்டில் அது வானொலி அலைகளின் மீது ஏறிச் சென்றது. லண்டனிலோ துபாயிலோ ஒருவன் பணம் கட்டுவான். சிற்றலை வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர் அனுப்புவோன் பெயரையும், பெறுவோன் பெயரையும், தொகையையும் ஒவ்வொன்றாக ஒலித்துச் சொல்ல, முகாமிலுள்ள முகவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பெறுவோரிடம் அடையாளச் சீட்டு ஏது? எல்லாம் வீட்டோடு எரிந்துபோயின. உன் தந்தை யார், பாட்டன் யார், எந்தக் கிளையைச் சேர்ந்தவன் என்று கேட்டு, அந்தக் கிளையின் பெரியவர் ஒருவர் ஆமென்று சொன்னால், அதுவே போதிய சான்று. முகவர்கள் தம்முள் தீர்க்க வேண்டிய பெருங்கணக்கை, துபாயிலிருந்து இறக்குமதியாகும் சரக்கு பின்னர் தீர்த்துவைக்கும். பசித்த குடும்பத்துக்கு நூறு டாலர் வந்து சேர்ந்ததற்கு ஒருவர் சொல்லை மற்றொருவர் நம்பியதைத் தவிர வேறு பிணை கிடையாது. அரசன் முத்திரையிட்ட எந்தப் பத்திரத்தைக் காட்டிலும் அந்த நம்பிக்கையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

தனி நாடாகப் பிரிந்த பின், 1994ஆம் ஆண்டில் ஸோமாலிலாந்து தன் சொந்த ஷில்லிங்கை வெளியிட்டது. செலவுக்கு நோட்டு அச்சிட்ட அரசாங்கத்தின் கையில் அதன் மதிப்புத் தேய்ந்து, ஒரு டாலருக்கு ஏறத்தாழ 6000 ஷில்லிங் என்ற நிலை வந்தது. 2011இல் பெரிய நோட்டுகள் வருமுன் நெடுங்காலம் 500 ஷில்லிங்குக்கு மேற்பட்ட நோட்டே இல்லாமையால், நூறு டாலரை மாற்றியவன் 1200 நோட்டுகளைச் சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. ஹர்கெய்ஸாவின் நடைபாதையில் நாணய மாற்றுவோர் நோட்டுக் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி வைத்து உட்கார்ந்திருப்பர். தொழுகை வேளையில் அக்குவியலை அப்படியே விட்டுவிட்டு மசூதிக்குச் செல்வர் என்று சென்று வந்தோர் பலரும் வியந்து எழுதியிருக்கின்றனர். திருட்டுப் பயம் இல்லை. எண்ணும் தொல்லைதான் தாங்க முடியாததாயிற்று. ஒரு குடும்பத்தின் வாரச் சாமான் வாங்க ஒரு பை நோட்டு, அதை எண்ணக் கடைக்காரனுக்கு அரை நாழிகை.

அதற்கிடையில் 2001ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி மற்றொரு கதவு அடைபட்டது. நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்த துயரத்துக்குப் பின், ஸோமாலியரின் மிகப் பெரிய பணம் அனுப்பும் ஸ்தாபனமாகிய அல் பரக்காத், பயங்கரவாதிகளுக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதன் அமெரிக்க அலுவலகங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. உலகெங்கும் அதன் நிதி முடக்கப்பட்டது. தொலைபேசித் தொழிலும் அதன் கையில் இருந்தமையால் பணத்தோடு பேச்சும் தடைப்பட்டது. பின்னர் அமெரிக்க விசாரணைக் குழுவினர் ஆராய்ந்தபோது அக்குற்றத்துக்குத் தக்க ஆதாரம் அகப்படவில்லை. அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அகப்பட்டுக்கொண்டுவிட்டது.

இத்தகைய அனுபவங்களையெல்லாம் கடந்துவந்த நகரத்தில்தான், டெலிஸோம் என்ற உள்ளூர்த் தொலைபேசி நிறுவனம் 2009ஆம் ஆண்டில் ‘ஸாத்’ என்னும் கைபேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. கென்யாவில் 2007இல் தோன்றிய எம்-பெஸா என்ற அத்தகைய சேவையை அந்நிறுவனம் அறிந்திருந்தது. ஆனால் அதன் வழியே அப்படியே செல்லவில்லை. எம்-பெஸா ஒவ்வொரு அனுப்புதலுக்கும் கட்டணம் வாங்கியது, ஸாத் வாங்கவில்லை. எம்-பெஸா தன் நாட்டுச் செலாவணியில் கணக்கு வைத்தது. ஸாத் அமெரிக்க டாலரில் வைத்தது. கென்யாவில் அது ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பும் சாதனமாகவே முதலில் பரவியது. ஹர்கெய்ஸாவிலோ கடையில் விலை கொடுப்பதற்கே மிகுதியும் பயன்பட்டது. கட்டணம் இல்லாததால், கால் டாலர் தேநீருக்கும் அதை உபயோகிக்க யாரும் தயங்கவில்லை. நிறுவனத்துக்கு இலாபம் வேறு வழியில் வந்தது: வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிப் போகவில்லை, பேச்சு நேரத்துக்கான, சுரண்டி எண் பார்க்கும் அட்டைகளை அச்சிட்டு ஊரெங்கும் விநியோகிக்கும் செலவும் குறைந்தது. முதலில் தன் ஊழியருக்கே ஸாத் வழியாகச் சம்பளம் கொடுத்தது; பின்பு மற்ற முதலாளிகளும் அவ்வாறே கொடுக்கலாயினர்; சம்பளம் கைபேசியில் வந்து விழுந்தவன் அதைக் கைபேசியிலேயே செலவிட இடம் தேட, கடைக்காரரும் ஒவ்வொருவராகச் சேர்ந்தனர். 2012ஆம் ஆண்டளவில் அதைப் பயன்படுத்துவோர் சராசரியாக மாதம் முப்பது முறைக்கு மேல் பணம் கொடுத்து வாங்கினர் என்று கைபேசி நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் எழுதிவைத்தது. வேறெந்த நாட்டிலும் அக்காலத்தில் அதற்கு நிகர் இல்லை.

அதன் செயல்முறை மிக எளியது. கடைச்சுவரில் சாயத்தால் எழுதிய எண்ணைப் பார்த்து, நட்சத்திரக் குறியில் தொடங்கி, அந்த எண்ணையும் தொகையையும் அழுத்திச் சதுரக் குறியில் முடித்து, இரகசிய எண்ணைப் பதித்தால், இருவர் கைபேசியிலும் உடனே குறுஞ்செய்தி வந்து நிற்கும். இணையம் வேண்டியதில்லை, தொலைபேசிக் கோபுரம் ஒன்றே போதும். மலிந்த பொத்தான் போனிலும் விலையுயர்ந்த ஸ்மார்ட்போனிலும் ஒரே விதமாக அது நடக்கும். பிற்காலத்தில் ஸ்மார்ட்போனுக்கென்று செயலியும் வந்தது. ஆயினும் கண்ணாடித் திரையின் மேல் அதே பழைய எண்களை அழுத்துவோரே கடைவீதியில் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாத பால்காரிக்கும் எண்கள் தெரியும். அவளுக்கு எட்டாத எதையும் அச்சேவை கேட்கவில்லை.

2013இல் பார்க்ளேஸ் வங்கி, தஹப்ஷீல் உள்ளிட்ட பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தபோது, மறுபடியும் பழைய பயம் எழுந்தது. ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் வெளிநாட்டு உறவினரால் ஸோமாலிய மக்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. தஹப்ஷீல் லண்டன் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்று, மறு ஆண்டு சமரசத்துக்கு வந்தது. எனினும் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு நாற்காலியிலிருந்து பிறக்கும் ஒரு கடிதம் இத்தனை அடுப்புகளை அணைக்கக்கூடும் என்ற நிலை மாறிவிடவில்லை. உள்ளூரில் கடைக்காரனும் வாங்குவோனும் செய்யும் கொடுக்கல் வாங்கலை மட்டும் அக்கடிதத்தால் நிறுத்த முடியாது. அதன் ஏடு ஹர்கெய்ஸாவிலேயே இருக்கிறது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கைபேசியில் புழங்குவது பெரும்பாலும் டாலர். ஆசிரியருக்கும் சிப்பாய்க்கும் அரசாங்கம் கொடுப்பது ஷில்லிங். தக்காளிக்கும் மாவுக்கும் டாலரில் விலை சொல்லத் தொடங்கிய சந்தையில், ஷில்லிங் சம்பளக்காரன் மாதந்தோறும் சிறிது ஏழையாகிறான். டாலர் அனுப்ப வெளிநாட்டில் உறவினர் இல்லாதவன் அவனிலும் ஏழை. உள்நாட்டு நாணயத்தின் மதிப்பைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய அரசு வங்கி, மக்களின் பெரும்பான்மையான கொடுக்கல் வாங்கலைக் காணவும் இயலாமல் வெளியே நின்றது. சிறு தொகைகளை ஷில்லிங்கிலேயே அனுப்ப வேண்டுமென்று அரசாங்கம் ஆணையிட்டதும், நிறுவனங்கள் ஷில்லிங் கணக்கையும் தொடங்கியதும் இந்தத் துன்பத்தின் விளைவே. தஹப்ஷீலின் சகோதர நிறுவனமாகிய ஸோம்டெல் ‘ஈ-தஹப்’ என்ற போட்டிச் சேவையைக் கொண்டுவந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் பணம் செல்லாமையால், பல கடைச்சுவர்களில் இரண்டு எண்கள் எழுதப்பட்டன, வியாபாரிகள் இரண்டு கைபேசி வைத்துக்கொண்டனர்.

அப்பான் தவறினால் அவன் குலத்தைக் கேட்கலாம். ஹவாலாத் முகவர் தவறினால் அவர் கிளைப் பெரியவர்களைக் கேட்கலாம். ஊரார் பணம் முழுவதையும் கணக்கில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் தவறினால் யாரைக் கேட்பது என்பதற்குச் சட்டத்தில் விடை எழுதும் வேலையை ஹர்கெய்ஸாவின் சட்டசபையும் அரசு வங்கியும் பிந்தியே தொடங்கின. நடைபாதையில் நாணய மாற்றுவோர் இன்னும் உட்கார்ந்திருக்கின்றனர். முன்போல் நோட்டுக் கட்டுகளோடு, இப்பொழுது கைபேசியும் வைத்துக்கொண்டு, ஸாத் டாலரை ஷில்லிங்காகவும் ஷில்லிங்கை ஸாத் டாலராகவும் மாற்றிக் கொடுப்பதே அவர்களுடைய பெருந்தொழில்.