ஈறு நோய்: பற்களைச் சுத்தம் செய்யும் சிகிச்சை

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவது ஈறு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். பற்களில் படியும் கிருமிப் படலம் நாளடைவில் இறுகிக் காரையாக மாறுகிறது. அதைப் பல்துலக்கியால் நீக்க இயலாது. பல் மருத்துவர் அதிர்வுறும் கருவியைக் கொண்டு அகற்றுவார். இதுவே ‘ஸ்கேலிங்’ எனப்படுகிறது.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

பலரும் இவ்வாறு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். காரை நீங்கி வீக்கம் வடிந்தபின் பற்களுக்கிடையே இடைவெளி தெரியலாம். முன்பே தளர்ந்திருந்த பல்லின் ஆட்டம் உணரப்படலாம். இவை நோயால் விளைந்தவை, சிகிச்சையால் அல்ல. பல் கூச்சம் படிப்படியாகக் குறையும்.

காலம் தாழ்த்தினால்?

தொடக்கநிலை ஈறு அழற்சி முழுமையாகக் குணமாகும். நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். இழந்த எலும்பு பெரும்பாலும் மீளாது. அந்நிலையில், மரத்துப்போவதற்கான ஊசி செலுத்தி, ஈறுக்கு அடியிலுள்ள வேர்ப்பகுதி சுத்தம் செய்யப்படும்.

நினைவில் கொள்க

• நீரிழிவு, கர்ப்பம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னரே தெரிவியுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.
• இரத்தம் கசிகிறது என்பதற்காகப் பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். நாள்தோறும் 2 முறை மென்மையாகத் துலக்குங்கள்.
• புகையிலையைத் தவிர்த்திடுங்கள்.