மாணாக்கர் கூடிப் பயின்ற மருத்துவம்

மருத்துவக் கல்வி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது விரிவுரை மண்டபமே. மேடையிலே பேராசிரியர், எதிரே வரிசையாய் அமர்ந்து குறிப்பெழுதும் மாணாக்கர். இவ்வழக்கத்துக்குப் புறம்பாக, மாணாக்கர் தாமே சிறு குழுக்களாகக் கூடி, ஒருவர்க்கொருவர் ஆசானாகி மருத்துவம் பயின்ற வரலாறும் உண்டு. அதனையே நேயர்களுக்கு இன்று சொல்லப் புகுகின்றேன்.

அதன் பழைய சுவடுகளுள் ஒன்று ஸ்கொத்லாந்திலே காணப்படுகின்றது. 1734ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்ற மாணவர் அறுவர் ஒன்றுசேர்ந்து ஓர் உடலை அறுத்து ஆராய்ந்தனர். அவ்வேலை முடிந்த பின்னரும் அவர்கள் பிரிந்துவிடவில்லை. இரு வாரங்களுக்கொரு முறை தத்தம் விடுதிகளிலே கூடுவதென்றும், ஒருவர் கட்டுரை வாசிக்க ஏனையோர் அதனை மறுத்து வாதிப்பதென்றும் தீர்மானித்தனர். 1737இல் அது முறையான சங்கமாயிற்று. 1778இல் அரச பட்டயமும் பெற்றது. 'றோயல் மருத்துவச் சங்கம்' என்னும் அம்மாணவர் சங்கம் இன்றும் நிலவுகின்றது. ஆயினும் அது கல்லூரிப் பாடத்திட்டத்துக்குப் புறத்தே நின்ற முயற்சியாகும்.

இலங்கையில் உயர்தரப் பரீட்சையிலே தேறியோர் நேரே மருத்துவ பீடம் புகுகின்றனர். வட அமெரிக்காவிலோ, வேறொரு துறையிற் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவம் கற்கும் வழக்கம் வேரூன்றியது. இதற்கு வழிகாட்டியது பல்ரிமோர் நகரில் 1893இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. பட்டதாரிகளையே சேர்ப்பதென அது விதித்தது. முதல் வகுப்பிற் சேர்ந்தோர் 18 பேர். அவருள் மூவர் பெண்கள். 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை அக்கல்லூரியையே முன்மாதிரியாகக் காட்டியது. ஆனால் காலப்போக்கிற் பல கல்லூரிகளில் முதலிரு ஆண்டுகள் விரிவுரைகளிலேயே கழிந்தன. முதிர்ந்த பட்டதாரிகளும் பள்ளிப் பிள்ளைகள்போற் பாடங்களை மனனஞ் செய்தனர்.

இந்நிலையை மாற்ற முனைந்தது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஹமில்ரன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம். 1965இல் அங்கு புதிய மருத்துவக் கல்லூரியின் தலைவராக ஜோன் எவன்ஸ் பொறுப்பேற்றார். அவரும் அவர்தம் நண்பர்களும் விரிவுரைகளைப் பெரும்பாலும் விலக்கிவிட்டு, மூன்றாண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தனர். 1969இல் 20 மாணாக்கர் சேர்ந்தனர்.

முறை யாதெனிற் கூறுவேன். ஏறத்தாழ ஐந்தாறு மாணவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவர்முன் ஒரு நோயாளியின் வரலாறு வைக்கப்படும். மூச்சுத் திணறுகின்றது, கால்கள் வீங்கியுள்ளன என்று கொள்வோம். குற்றம் இருதயத்திலா, சிறுநீரகத்திலா? நீர் ஏன் காலிலே தேங்குகின்றது? தாம் அறிந்தவற்றையும் அறியாதவற்றையும் மாணவரே பட்டியலிடுவர். அறியாதவற்றைத் தேடிப் படிப்பர். மீண்டுங் கூடி ஒருவர்க்கொருவர் விளக்குவர். உடனிருக்கும் ஆசிரியர் விடை கூறார். தடம் புரளாமற் பார்த்துக்கொள்வார். உடற்றொழிலியல் கற்றவர் சமூகவியல் கற்றவருக்கு ஒன்றைச் சொல்ல, அவரிடமிருந்து இவர் வேறொன்றைக் கற்பார். பட்டதாரிகள் கூடுவதன் பயன் அதுவே.

இம்முறை நெதர்லாந்தின் மாஸ்ரிக்ற் நகருக்கும், அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகருக்கும் 1970களிற் பரவியது. பட்டதாரிகளுக்கான மருத்துவக் கல்வியை அவுஸ்திரேலியாவின் பிளின்டேர்ஸ் பல்கலைக்கழகம் 1996இலும், லண்டன் சென் ஜோர்ஜ் கல்லூரி 2000இலும் தொடங்கியபோது, குழுக்கற்றலும் உடன் சென்றது.

எனினும் ஓர் ஐயம் எழுந்தது. தமக்குத் தெரியாதது இன்னதென்பதையே அறியாத மாணவன், அதனை எவ்வாறு தேடுவான்? அவன் பிழைவிட்டால் துன்புறுபவர் நோயாளியன்றோ? இவ்வையம் வீணன்று. 1980களின் இறுதியில், கனடாவின் அனுமதிப் பரீட்சையில் தவறிய மக்மாஸ்ரர் மாணவரின் விகிதம் நாட்டின் சராசரியை விஞ்சியது. தன் அறிவைத் தானே அளப்பதும், குழுவினர் மதிப்பீட்டை மட்டும் நம்புவதும் போதா என்பது புலனாயிற்று. 1990களின் தொடக்கத்தில், மாஸ்ரிக்றில் வழங்கிய முறையைத் தழுவி, காலந்தோறும் அறிவை அளக்கும் சோதனையொன்று புகுத்தப்பட்டது. அதிற் பெற்ற பெறுபேறு மாணவனுக்கு அவன் குறையைக் காட்டியது, குழுக்கற்றல் கைவிடப்படவில்லை.

பின்வந்த ஆய்வுகள், நூலறிவில் இருமுறையாரிடையும் பெரிய வேறுபாடு காணவில்லை. ஐயத்தை எதிர்கொள்ளல், நோயாளியின் மனநிலையை உணர்தல் ஆகியவற்றிற் குழுவிற் கற்றோர்க்குச் சிறிது மேன்மை காணப்பட்டது. எடின்பரோ மாணவர் ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்துரைக்க இடம் வைத்தனர். மக்மாஸ்ரர் மாணவருக்கு அந்த மறுப்பைச் சோதனைத்தாள் வழங்கிற்று. மாணாக்கரிடம் கல்வியை ஒப்படைக்கும் எவரும், அவர்தம் பிழையைக் காட்டும் வழியையும் உடன் ஒப்படைத்தல் வேண்டும்.